மாசப் பூசத்துக்கு ஆறு திரை

லைன் குடுத்தவன் நாம நெட்டுல பாக்குறதையெல்லாம் பாப்பானா தாத்தான்னு கேக்குற. கேக்குறப்பவே முழி சரியில்ல. பாப்பான்னு சொன்னா ஒனக்கு ராத்திரித் தூக்கம் போவும். பாக்க மாட்டான்னு சொன்னா நீ ஆடுற ஆட்டத்துல எனக்குப் போவும். அதனால வெவரமா சொல்றன், குந்து. அந்தப் போன மொதல்ல கவுத்து வையி.

ஒன் கவலை புரியுது பேராண்டி. கேபிள்காரன் ஆபீசுல எவனோ ஒருத்தன் டீயக் குடிச்சிக்கிட்டு, ஒன் போன்ல ஓடுறத அவன் பொட்டியில பாத்துக்கிட்டுக் குந்தியிருக்கான்னு நெனைக்கிற. ஒம் மூஞ்சிக்கு அம்மாம் மரியாதை கெடையாது. வடலூர் நாலுமுனை ரோட்டுலேருந்து நெய்வேலி டவுன்ஷிப்பு வட்டம் வட்டமா எத்தினி வூட்டுக்கு லைன் போவுது! அத்தினி பேரு கூத்தயும் குந்திப் பாக்குறதுக்கு எந்த மொதலாளி சம்பளம் குடுப்பான்? பாக்குறதுக்கு ஆளு இல்லடா. எழுதி வைக்கத்தான் மிசினு இருக்கு. தோ, தப்பிச்சோம்னு ஒரு பெருமூச்சு வுட்ட பாரு, அங்கதான் நீ ஏமாறுற. பாக்குறவனுக்குச் சலிப்பு வரும், கொட்டாவி வரும், நடுவுல பொண்டாட்டி போன் பண்ணுவா. எழுதுற மிசினுக்கு இதுல ஒண்ணும் கெடையாது.

நான் லைன்மேனா இருந்தவன். லைன் உசுரோட இருக்கான்னு தெரியணும்னா கம்பத்துல ஏறி, டெஸ்ட் போன் கிளிப்ப ரெண்டு கம்பியிலயும் கவ்வ வுடணும். அந்த நேரம் பாத்து யாராவது பேசிக்கிட்டிருந்தா காதக் கழட்டி எங்க வைக்கிறது? எந்த வூட்டுப் பொண்ணு எந்த வட்டத்துப் பையனுக்குப் பேசியிருக்கு, எவன் முந்திரிக்கொட்டைக்கு அட்வான்ஸ் வாங்கிட்டு இல்லேங்கிறான், எல்லாம் வந்து வுழும். டிரங்க் கால் போட்டுக் குடுக்குற அம்மாக்களுக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும். ஆனா கேட்டது காதோட போச்சி, எந்த நோட்டுலயும் ஏறல. (சரி, ஒண்ணு ரெண்ட ஒங்க ஆயாகிட்ட சொல்லியிருப்பன். அவ ஊருக்கே சொல்லியிருப்பா. அது வேற கணக்கு.) இன்னிக்கி லைன்காரன் காதுல ஒன் பேச்சு வுழாது. ஆனா நீ எவன் வூட்டுக்கு, எத்தினி மணிக்குப் போன, எம்மாம் நேரம் குந்தியிருந்தங்கிறது நோட்டுல ஏறிப்பூடும். எனக்கென்னமோ பழைய காதே தேவலாம்னு படுது.

வடலூர்ல பொறந்துட்டு இது ஒனக்குப் புரியலன்னா தர்மசாலையில ஒக்காந்து சாப்புட்ட சோத்துக்கே மரியாதை இல்ல. ஞானசபையில என்ன பண்றாங்க? 1872ல வள்ளலார் சபையத் தொறந்தாரு. தைப்பூசத்தன்னிக்கி மட்டும் ஏழு திரையும் வெலகி சோதி தெரியும். மாசாமாசம் வர்ற பூசத்துக்கு ஆறு திரைதான் வெலகும். பெரியவரு மன்னிக்கட்டும், ஒன் லைன்காரன் மாசப் பூசத்துக்கு வந்த ஆளு. அவனுக்கு ஆறு திரை வெலகிடும். ஏழாவதுக்கு அந்தாண்ட என்னான்னுதான் தெரியாது.

அந்த ஆறும் என்னா? ஒங்கப்பன் ஆதாரக் குடுத்துத்தான் லைன் வாங்குனான், அதனால பேரு, வூடு, போன் நம்பரு மொதல்லயே அவங்கிட்ட இருக்கு. எப்ப லைனு ஓடுது, எப்ப தூங்குதுன்னு தெரியும். எம்மாம் ஜிபி போவுது, எம்மாம் வருதுன்னு தெரியும். இது மூணும் சாதாரணத் துணி. அப்பறம் வர்ற மூணுதான் சங்கதி.

நீ போன்ல ஒரு சைட்டு பேரத் தட்டுற. போனுக்கு அந்தப் பேர வெச்சிக்கிட்டு வழி தெரியாது, நம்பரு வேணும். அதனால இந்தப் பேருக்கு என்னா நம்பருன்னு ஒருத்தனக் கேக்குது. டிஎன்எஸ்னு சொல்லுவானுவோ. நீயா மாத்தி வைக்காத வரைக்கும், அப்புடிக் கேக்கப்படுறவன் லைன்காரன் வெச்ச ஆளுதான். கேள்விய மூடி மறைச்சும் கேக்குறதில்ல, பட்டவர்த்தனமா கேக்குது. ஆக நாலாவது திரை போச்சி. நம்பரு கெடைச்சதும் அந்த நம்பருக்குப் போவணும். போற சரக்கு எந்த நம்பருக்குன்னு மேல எழுதியிருந்தாத்தான் லைன்காரனால கொண்டுபோயி சேக்க முடியும், அத அவங்கிட்ட மறைக்கவே முடியாது. அஞ்சு போச்சி. அங்க போயி நிக்குறப்ப, பூட்டு போட்டுப் பேசுறதுக்கு முன்னாடி ஒரு வணக்கம் வைக்கணும். ஒரே நம்பருல நூத்துக்கணக்கான சைட்டு குடியிருக்கறதால, அந்த வணக்கத்துலயே நான் இன்னாரப் பாக்க வந்திருக்கன்னு பேரச் சொல்லித்தான் ஆவணும். எஸ்என்ஐன்னு அதுக்குப் பேரு. வணக்கத்துக்கு அப்பறந்தான் பூட்டே வுழும். ஆறும் போச்சி.

சும்மா கதை அடிக்கிறன்னு நெனைக்காத. பெங்களூருல சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டின்னு ஒரு அமைப்பு. ஜியோவுல இந்த வணக்கத்தப் படிச்சித்தான் சைட்ட மறிக்கிறாங்கன்னு 2019ல சோதிச்சி வெளியில சொன்னாங்க. யாரு வர்றான்னு தெரியாதவன் ஆளப் பாத்து எப்புடிடா மறிப்பான்? இந்த வணக்கத்தயும் மூடி அனுப்புற ஏற்பாடு, இசிஎச்-னு, இப்ப வந்துருக்கு. ஒன் பிரவுசர் ஒத்துக்கிட்டா மட்டும் போதாது, எதிர்ல இருக்குற சைட்டும் ஒத்துக்கணும். ரெண்டு பக்கமும் சம்மதிச்சாத்தான் கல்யாணம்.

ஏழாவது திரை அந்தப் பூட்டு. சைட்டு பேருக்கு முன்னாடி எச்டிடிபிஎஸ்னு இருக்குற வரைக்கும் உள்ள நடக்குறது லைன்காரனுக்குத் தெரியாது. நீ யூடியூபுல இருக்கன்னு தெரியும். சாமிப் பாட்டா, வேற பாட்டாங்கிறது அவனுக்கு இருட்டு. பேங்கு பாஸ்வேர்டு தெரியாது. வாட்ஸ்அப்ல 2016லேருந்தே ரெண்டு முனையிலயும் பூட்டு, நடுவுல இருக்குற வாட்ஸ்அப் கம்பெனிக்காரனுக்கே சேதி தெரியாது. பூட்டில்லாத பழைய சைட்டு எதுக்காவது போனன்னு வையி, ஏழும் ஒரேயடியா வெலகிடும். அன்னிக்கி லைன்காரனுக்குத் தைப்பூசம்.

இதக் கேட்டுட்டு ஏழாவது பத்தரமா இருக்குன்னு துள்ளாத. தெனம் ராத்திரி பத்து மணிக்குக் கல்யாண சைட்டு, பதினொண்ணுக்குக் கடன் குடுக்குற ஆப்பு, விடியக் காத்தால சக்கரை வியாதி டாக்டரு சைட்டு. உள்ள போயி நீ என்னா படிச்சன்னு வேற எவனாவது சொல்லணுமா? ஜாதகத்தயே கையில குடுத்துட்டு ராசிய மட்டும் மறைச்சி வைக்கிற.

பூட்டில்லாத சைட்டுன்னதும் ஒண்ணு ஞாவகம் வருது. 2015ல பெங்களூருல தேஜேஷ்னு ஒரு கம்ப்யூட்டர்காரரு. ஏர்டெல் 3ஜி-ல தன் சொந்த சைட்டத் தொறந்து பாத்தா, அவரு எழுதாத ஒரு துண்டு புரோகிராமு நடுவுல சொருவிக் கெடக்கு. இந்தா பாருங்கய்யான்னு எடுத்து ஊருக்குக் காட்டுனாரு. சொருவுனவன் மன்னிப்புக் கேட்டிருப்பான்னுதான நெனைக்கிற? அந்தப் புரோகிராமுக்குச் சொந்தக்கார இசுரேல் கம்பெனி, ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ், அவருக்கே வக்கீல் நோட்டீசு வுட்டுது. எங்க சரக்க எப்புடிடா நீ வெளியில காட்டலாம்னு! வூடு பூந்தவன் வூட்டுக்காரனுக்கே நோட்டீசு வுட்ட நாடு இது. அமெரிக்காவுல வெரைசான்காரன் ஒவ்வொரு வாடிக்கையாளன் நெத்தியிலயும் அவனுக்கே தெரியாம ஒரு நம்பர ஒட்டி அனுப்பி, வெளம்பரக்காரனுக்கு அடையாளம் காட்டுனான். அங்க இருக்குற தொலைத்தொடர்பு ஆணையம் 2016ல 13.5 லச்சம் டாலர் தண்டம் போட்டுது. அவன் வருமானத்துக்கு அது தேர்முட்டியில உண்டியல்ல போடுற சில்லறை.

நீ திருட்டுப் படம் பாக்குற பய. அதான் இந்தக் கேள்வியே. இல்லன்னு தலையாட்டாத, தேட்டர்ல ஓடுற படத்தோட கதைய மொத நாளே ஒங்க ஆயாவுக்கு ஒப்பிச்சது நீதான? அதனால நம்ம சென்னை ஐகோர்ட்டு கதையக் கேளு. 2012ல கொலவெறிப் பாட்டு வந்த '3' படம். திருட்டுப் பிரதி ஓடக் கூடாதுன்னு கோர்ட்டுல உத்தரவு வாங்குனாங்க. லைன்காரனுங்க என்னா பண்ணானுங்க? விமியோ, டெய்லிமோஷன், பைரேட் பே-ன்னு சைட்டு சைட்டா மூடிப்புட்டானுங்க. எலியப் புடின்னா வூட்டயே கொளுத்துற கூட்டம். அப்பறம் ஜூன் மாசம் கோர்ட்டே, நாங்க சொன்னது குறிப்பிட்ட பக்கத்த மட்டும் மூடச் சொல்லித்தான்னு தெளிவாச் சொல்ல வேண்டியதாப் போச்சி. 2018ல ரசினி நடிச்ச '2.0' வந்தப்ப 37 லைன் கம்பெனிக்கு அதே கோர்ட்டு உத்தரவு போட்டுது. மூடச் சொன்ன சைட்டு 12,000த்துக்கும் மேல. தமிழ்ராக்கர்ஸ் மட்டும் பேரு மேல பேரு மாத்திக்கிட்டு அதுலயே ரெண்டாயிரத்துக்கு மேல வெச்சிருந்தான். படத்த லைன்காரன் தடுத்தானா இல்லையாங்கிறது ஒனக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேற. மூடுங்கன்னு கோர்ட்டு லைன்காரனத்தான் கூப்புட்டுச் சொல்லுது. எவன் எங்க போறான்னு கதவுல நின்னு பாக்குறவன் அவன்தான்னு கோர்ட்டுக்கே தெரிஞ்சிருக்கு, ஒனக்குத்தான் சந்தேகம்.

இனிமே நோட்டு சமாச்சாரத்துக்கு வர்றன். வெளியுலவத்துக்குப் போறப்ப ஒன் வூட்டுக்குன்னு தனி நம்பரு கெடையாது. நம்பரு பத்தல. அதனால ஒரே நம்பர நூத்துக்கணக்கான வூட்டுக்குப் பிரிச்சிக் குடுத்து ஓட்டுறாங்க. நாளைக்கி எவனோ ஒரு மோசடி பண்ணி, போலீசு அந்த நம்பரப் புடிச்சிக்கிட்டு வந்தா, அந்த நிமிசத்துல அதுல இருந்தது வடலூர் பேராண்டியா, குறிஞ்சிப்பாடி பேராண்டியான்னு லைன்காரன் சொல்லணும். சொல்லணும்னா எழுதி வெச்சிருக்கணும். லைசென்சு நிபந்தனையில முந்தி ஒரு வருசம் வெச்சிருக்கணும்னு இருந்தது. 2021 டிசம்பர்ல அத ரெண்டு வருசம்னு ஆக்குனாங்க. அதனால போன தைப்பூசத்துக்கு மொத வருசத் தைப்பூசத்து ராத்திரி நீ எங்க சுத்துனங்கிறது ஒனக்கு மறந்திருக்கும், நோட்டுக்கு மறந்திருக்காது. ஐரோப்பாவுல இதே மாதிரி எல்லாரோட கணக்கயும் எழுதி வைக்கச் சொன்ன சட்டத்த, தப்புப் பண்ணாதவன் கணக்க எதுக்குய்யா வைக்கிறன்னு கேட்டு 2014ல அவுங்க கோர்ட்டு தள்ளுபடி பண்ணிடுச்சி. நம்ம ஊருல அந்தக் கேள்வி இன்னும் வரிசையில நிக்குது.

சர்க்காரு ஒட்டுக்கேக்குறது புதுசு இல்ல. வெள்ளைக்காரன் 1885ல போட்ட தந்திச் சட்டத்துலயே அதுக்கு வழி இருந்தது. கர்நாடகாவுல ராமகிருஷ்ண ஹெக்டே, நல்ல பேரு வாங்குன முதலமைச்சர், 1988ல ஒட்டுக்கேட்ட பழியில நாற்காலிய வுட்டே எறங்குனாரு. அன்னிக்கி கம்பத்து மேல இருந்த எங்களுக்கெல்லாம் ஒரு வாரம் கிளிப்பத் தொடவே கை நடுங்குச்சி. அப்பறம் பியுசிஎல்ங்கிற மக்கள் உரிமை அமைப்பு போட்ட கேசுல 1996ல சுப்ரீம் கோர்ட்டு கடிவாளம் போட்டுது: உள்துறைச் செயலாளரு கையெழுத்து வேணும், இத்தினி நாளைக்குத்தான்னு கெடு வேணும், சரிதானான்னு பாக்குறதுக்குத் தனியா ஒரு குழு வேணும். கம்ப்யூட்டருக்குத் தனிச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 69வது பிரிவு. அதுபடி 2018 டிசம்பர்ல பத்து அமைப்புக்கு அதிகாரம் குடுத்து மத்திய சர்க்காரு உத்தரவு போட்டுது. சட்டப்படி கேட்டு லைன்காரன் ஒத்துழைக்கலன்னா ஏழு வருசம் வரைக்கும் ஜெயிலு. ஒனக்காக அவன் ஜெயிலுக்குப் போவான்னு நெனைக்கிறியா? மாசம் அஞ்சு நாள் தள்ளி பணம் கட்டுறவனுக்காகவா?

ஆனா கோர்ட்டு செத்துப்பூடல. 2025 ஜூலையில நம்ம ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு எழுதுனாரு. சென்னையில ஒரு கல்விக் கம்பெனியோட நிர்வாக இயக்குநரு போன ஒட்டுக்கேக்கச் சொல்லி மத்திய உள்துறை 2011ல போட்ட உத்தரவு அது. லஞ்ச விவகாரம். செல்லாதுன்னு தள்ளிட்டாரு. நாட்டுக்கு அவசரம், சனங்க பாதுகாப்புக்கு ஆபத்துன்னு இருந்தாத்தான் ஒட்டுக்கேக்கலாம், குத்தம் நடக்குதான்னு துப்பறியறதுக்கு அந்தச் சட்டம் கெடையாதுன்னாரு. கேட்டத மறு ஆய்வுக் குழு முன்னாடி வைக்கவே இல்லங்கிறதயும் எடுத்துச் சொன்னாரு. அந்த 1885 சட்டத்துக்குப் பதிலா 2023ல புதுச் சட்டம் வந்து, 2024 டிசம்பர்ல ஒட்டுக்கேக்குற விதியும் புதுசா வந்துடுச்சி. பேரு புதுசு. அவசரம், பாதுகாப்புங்கிற வார்த்தையெல்லாம் பழசுதான், அதனால அந்தத் தீர்ப்புக்கு இன்னமும் பல்லு இருக்கு.

இங்கதான் ஒங்கப்பன் குறுக்க வுழுவான். மடியில கனமில்லன்னா வழியில பயமில்லம்பான். ஊரே அப்புடித்தான் சொல்லுது. மடியில கனமில்லாதவன் வேட்டிய அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டா நடக்குறான்? 2017ல ஒம்பது நீதிபதிங்க ஒண்ணா ஒக்காந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு எழுதுனாங்க. கேசு போட்டது புட்டசாமின்னு ஒரு ரிடையரான நீதிபதி, அப்பவே தொண்ணூறு வயசு கிட்ட. அந்த வயசுல அவரு என்னாடா மறைக்கப் போறாரு? எனக்குக்கூடதான் மறைக்க ஒண்ணும் இல்ல. அதுக்காவ என் சக்கரை அளவ சந்தையில கொட்டுவனா?

சரி, நீ பண்ணி வெச்சிருக்குற தந்திரத்தயும் பாத்துட்டன். கறுப்புத் தொப்பி, கண்ணாடி போட்ட பொம்மை ஒண்ணு வருமே, இன்காக்னிட்டோ, அதத் தொறந்துக்கிட்டா ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு நெனைப்பு. அது ஒங்கப்பன் ஒன் போன வாங்கிப் பாத்தாத் தெரியாது, அவ்வளவுதான். லைன்காரனுக்கு அந்தத் தொப்பியே கண்ணுல தெரியாது. அதுல சுத்துனவங்க கணக்கயும் கூகிள் சேத்து வெச்சிருந்துதுன்னு அமெரிக்காவுல கேசாயி, 2024ல அழிச்சிடறோம்னு ஒத்துக்கிட்டாங்க. தொப்பி வித்தவனே தலைய எண்ணியிருக்கான்.

அப்பறம் அந்த ஓசி விபிஎன் ஆப்பு. அதப் போட்டா லைன்காரனுக்கு ஒரே ஒரு எடந்தான் தெரியும், விபிஎன்காரன் வூடு. அதுவரைக்கும் சரி. ஆனா லைன்காரங்கிட்ட இருந்த நாலு, அஞ்சு, ஆறாவது திரை மூணும் இப்ப விபிஎன்காரங்கிட்ட போச்சி. லைன்காரனுக்கு வடலூர்ல கடை இருக்கு, கோவம் வந்தா ஒங்கப்பன் போயி கத்தலாம். விபிஎன்காரன் எந்தத் தீவுல குந்தியிருக்கான்னு எவனுக்குத் தெரியும்? காசு வாங்காம அம்மாம் பேரு போக்குவரத்த எதுக்கு இழுத்துத் தலையில போட்டுக்கறான்? தர்மசாலையில 1867லேருந்து அணையாத அடுப்புல ஓசியா சோறு போடுறாங்க, அதுக்கு ஒரு வள்ளலாரு வேணும். ஆப்பு ஸ்டோர்ல எத்தினி வள்ளலாரப் பாத்த? காசு கட்டி நல்லதா வாங்குனாலும், இங்க சர்வர் வெச்சிருக்குறவன் வாடிக்கையாளன் பேரு, வெலாசம் எல்லாத்தயும் அஞ்சு வருசம் வெச்சிருக்கணும்னு 2022 ஏப்ரல்ல சர்க்காரு உத்தரவு. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன், சர்ஃப்ஷார்க்கு எல்லாம் எங்களால ஆவாதுன்னு இங்கருந்த சர்வரத் தூக்கிட்டுப் போயிட்டானுவோ.

செய்யுறதுன்னா சின்னச் சின்னதா சிலது இருக்கு. போன் செட்டிங்குல பிரைவேட் டிஎன்எஸ்னு ஒரு எடம் இருக்கும், அதப் போட்டுக்க. அந்த நாலாவது திரை லைன்காரனுக்கு மூடிக்கும். கேக்குற கேள்வி அமெரிக்கக் கம்பெனி கிளவுட்ஃபிளேருக்கோ கூகிளுக்கோ போவும். அது ஒனக்குப் பரவாயில்லன்னா பண்ணு. அப்பறம் லைன் போட வந்த பையன் ரவுட்டருக்கு வெச்சிட்டுப் போன பாஸ்வேர்டு இன்னமும் அதேதான். தெருவுல பாதிப் பேருக்கு அதேதான். வைஃபைக்கு ஒன் பேரும் தெரு பேரும் வெச்சிருக்க, அதயும் மாத்து. பூட்டு இல்லாத சைட்டுல ஓடிபி, ஆதாரு எதயும் தட்டாத. மீதிய நெனைச்சி மண்டைய ஒடைச்சிக்காத. 2021ல பெகாசஸ்னு ஒரு உளவுப் புரோகிராமு பேரு அடிபட்டுதே, அது லைன்ல நிக்கல, நேரா போனுக்குள்ளயே பூந்து ஏழாவது திரைக்கு அந்தாண்ட குந்திக்கிட்டுது. ஆனா அந்தச் சரக்கு பத்திரிகைக்காரன், அரசியல்காரன், வக்கீல் மேல வுடற வெலையுள்ள சரக்கு. ஒன் மேல வுட்டா அவனுக்கு நட்டம்.

இன்னொண்ணு. லைன் கம்பெனி ஆப்பு ஒண்ணு ஒங்கப்பன் போன்ல கெடக்குது. அதுல எந்தத் தேதிக்கு எம்மாம் ஜிபி ஓடிச்சின்னு கட்டம் கட்டமா காட்டும். ஒங்கப்பன் அதத் தொறந்து பாத்து ரெண்டு நாளா யோசனையில இருக்கான், ராத்திரி ஷிப்டுல நான் மைன்ஸ்ல இருக்குறப்ப வூட்டுல எவன் இத்தினி ஜிபி கரைக்கிறான்னு ஒங்க ஆயாவக் கேட்டுக்கிட்டிருந்தான். கேட்டா நான்தான் முந்திரிக்கு மருந்தடிக்கிற வீடியோ பாத்தன்னு சொல்லிக்கறன். தூக்கம் வராத கெழவன், நம்புவான். அதுக்குக் கூலி, அடுத்த மாசத்துலேருந்து என் போனுக்கு நீதான் ரீசார்ஜ் பண்ற. மூணு மாசத் திட்டம் பாத்துப் போடு, மாசாமாசம் ஒன்னயத் தேடிக்கிட்டு அலைய என்னால ஆவாது.